555 புத்தகமும் எங்கள் வீட்டுக் கணக்கும்

மாதத்தின் 20ஆம் தேதியைத் தாண்டிவிட்டால் எங்கள் காலை நிகழ்ச்சிக்கு வரும் குரல்களே மாறிவிடும். முதல் வாரத்தில் பிறந்தநாள் வாழ்த்து, திருமண நாள் வாழ்த்து, புதுப் படப் பாட்டு என்று உற்சாகமாகப் பேசுகிறவர்கள், கடைசி வாரத்தில் "தங்கச்சி, இந்த மாசம் சம்பளத்த முன்னாடியே போடுறாங்களாமா? ஏதாவது செய்தி வந்துச்சா?" என்று ஆரம்பிப்பார்கள். கேலிதான். ஆனாலும் பத்து ஆண்டுகளாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு, கேலிக்கு நடுவில் வரும் பெருமூச்சு கேட்காமல் போகுமா?

சில மாதங்களுக்கு முன்பு நேயர்களிடம் ஒரு கேள்வி வைத்தோம். போன வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, உங்கள் வீட்டில் மொத்தம் எவ்வளவு செலவானது? பரிசு ஒன்றும் கிடையாது, சும்மா சொல்லுங்கள் என்றோம். அழைத்தவர்களில் பலருக்கு வீட்டுத் தவணை எவ்வளவு என்று காசு சுத்தமாகத் தெரிந்திருந்தது. கார் கடனில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்றும் சொன்னார்கள். போன வாரச் செலவை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. "ஒரு முன்னூறு வெள்ளி இருக்கும்" என்றார் பந்திங்கிலிருந்து ஒருவர். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் நேரலையில் அப்படியே வந்தது: "முன்னூறா? பசார்லயே இருநூறு போச்சு!"

நிலையத்தில் எல்லாரும் சிரித்தோம். அன்று மாலை நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய செலவுகளை நமக்கு ஞாபகப்படுத்த வங்கி இருக்கிறது. கட்டத் தவறினால் கைப்பேசியில் குறுஞ்செய்தி வரும், பிறகு கடிதம் வரும். தே தாரேக்குக்கும் தாப்பாவ் சோற்றுக்கும் யார் கடிதம் போடப் போகிறார்கள்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கும், வளர்ந்தவர்களுக்குப் பிள்ளைகளாகப் பிறந்தவர்களுக்கும் 555 புத்தகம் தெரியும். உள்ளங்கை அளவு, அட்டையில் பெரிதாக மூன்று ஐந்துகள். மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினால் அதில்தான் எழுதுவார்கள். இன்றைக்கும் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கிறது. "என்னை 555ல எழுதிக்கோ" என்றால் கடன் சொல்லுகிறோம் என்று மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாருக்கும் புரியும்.

என் பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. கடைக்காரர் எழுதும் புத்தகத்தை அவர் நம்பவில்லை. கதவுக்குப் பின்னால் கரிக்கட்டையால் கோடு போட்டு வைப்பாராம். அரிசிக்கு நீளக் கோடு, எண்ணெய்க்குச் சின்னக் கோடு, தாத்தாவின் சுருட்டுக்கு ஒரு வட்டம். சம்பள நாளில் கடைக்காரர் கணக்குச் சொல்லும்போது, வீட்டுக்கு ஓடி வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பேசுவார். ஒருமுறை கடைப் புத்தகத்தில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்த எண்ணெயை அவர் கண்டுபிடித்ததை அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். பாட்டி சிக்கனம் பற்றியெல்லாம் ஒருநாளும் பேசியதில்லை. தான் தின்றதற்கு மட்டும் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கணக்கும் இப்போது அதே 555 புத்தகத்தில்தான் எழுதப்படுகிறது. கைப்பேசியில் செயலிகள் எத்தனையோ இருக்கின்றன. அதில் எழுதுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் செயலி ஒருவருடைய கைப்பேசிக்குள் பூட்டிக் கிடக்கும். புத்தகம் குளிர்ப்பெட்டி மேல் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள்கூட "ஐஸ்கிரீம் – 3" என்று கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

விதி அதிகமில்லை. காசு கையை விட்டுப் போன அன்றே எழுத வேண்டும். சில்லறையை முழு வெள்ளியாக்கிக்கொள்ளலாம். 2008 ஏப்ரலில் ஒரு காசு நாணயம் நின்றதிலிருந்து கடைக்காரர்களே 5 காசுக்குக் கணக்கை நெருக்கி எழுதுகிறார்கள், நாம் ஒரு வெள்ளிக்கு நெருக்கினால் என்ன குறைந்துவிடும்? எதற்கு என்று ஒரு சொல் போதும். நல்ல செலவா கெட்ட செலவா என்று தரம் பிரித்து எழுதுவதில்லை. அப்படிப் பிரிக்க ஆரம்பித்தால் இரண்டாவது வாரத்திலேயே வீட்டில் புத்தகத்தைத் தொட ஆளிருக்காது.

இதில் சிரமம் தருவது மின்பணப்பை. முன்பெல்லாம் 50 வெள்ளித் தாளை மாற்றும்போது மனம் கொஞ்சம் சுருங்கும். இப்போது காலை ஐந்து மணிக்கு இடியாப்பம் விற்கும் அக்காவின் மேசையிலும் டூயிட்நாவ் கியூஆர் அட்டை நிற்கிறது. 'பீப்' என்று ஒரு சத்தம், முடிந்தது. பணப்பையில் பணம் குறைந்தால் வங்கியிலிருந்து தானாகவே 100 வெள்ளி நிரம்பும்படி பலர் வைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் பார்த்தால் '100, 100, 100' என்று மட்டும் இருக்கும். அந்த நூறு எதற்குப் போனது என்று இருக்காது. பணத்தை நிரப்புவது செலவு ஆகாது. ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவதுதான். அதனால் நிரப்பியதை எழுதாமல், 'பீப்' அடித்ததை எழுத வேண்டும். நாங்கள் ஞாயிறு இரவில் செயலியில் உள்ள பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, விட்டுப் போனதைப் புத்தகத்தில் இறக்கிவிடுவோம். இருபது நிமிட வேலை. சாலைக் கட்டணம் அதில்தான் ஒளிந்திருக்கும். தினமும் கிள்ளானிலிருந்து தலைநகருக்குப் போய் வருகிறவர்கள் ஒரு மாதச் சாலைக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால், வாரத்தில் இரண்டு நாளாவது ரயிலில் போகலாமா என்று தோன்றும்.

'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று வரும் மூன்று தவணைத் திட்டங்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 120 வெள்ளிக் காலணியை மூன்று நாற்பதாகக் கட்டினால், நாற்பது வெள்ளிக் காலணி மாதிரி மனசுக்குத் தெரியும். நாங்கள் வாங்கிய அன்றே புத்தகத்தில் 120 என்று எழுதிவிடுவோம். மூன்றாவது நாற்பது போகிற மாதத்தில் காலணியின் பளபளப்பு போயிருக்கும். கடன் அட்டைக்கும் அதே வழக்கம்தான். அட்டைக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி உண்டு. 4,000 வெள்ளி பாக்கி வைத்திருப்பவர் குறைந்தபட்சத் தொகையாக 5 விழுக்காடு, அதாவது 200 வெள்ளி கட்டினால், அதில் ஏறக்குறைய 60 வட்டிக்கே போய்விடும். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறேனே, கடன் ஏன் குறையவில்லை என்று கேட்கும் நேயர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்லுவேன். கழுத்துக்கு மேல் போய்விட்டது என்றால் ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டு அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வட்டி முதலையிடம் போவதற்கு முன்னால் அங்கே ஒருமுறை போய் உட்காருங்கள், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில மாதங்கள் எழுதிய பிறகுதான் இன்னொன்று தெரியும். நாம் 'எதிர்பாராத செலவு' என்று சொல்லுவதில் பாதி, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருவது. தீபாவளி எதிர்பாராமல் வருகிறதா என்ன? சாலை வரி? பள்ளிச் சீருடை? எங்கள் வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கு இவை என்ன ஆகின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதினோம். கார் காப்புறுதி 960. சாலை வரி 90. இரண்டு முறை கட்டும் மதிப்பீட்டு வரி மொத்தம் 300. நில வரி 60. டயரும் சர்வீசும் 1,200. பள்ளி திறப்பு 650. தீபாவளி 2,400. மொய், பிறந்தநாள், துக்க வீடு எல்லாம் சேர்த்து 1,500. கூட்டினால் 7,160 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 597. அந்த 597 ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்குக்குப் போய்விடும். தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம். இதுவரையிலும் அதைத்தான் செலவு செய்துகொண்டிருந்தோம். ஒரே மாதத்தில் மூச்சு முட்டச் செய்வதைப் பன்னிரண்டாகப் பிரித்தாயிற்று, அவ்வளவுதான்.

மொய்க்கு 1,500ஆ என்று என் தோழி கேட்டாள். நம் சமுதாயத்தில் நன்றாக எழுதப்படும் ஒரே கணக்கு மொய் நோட்டுதான் என்று நினைக்கிறேன். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று முப்பது வருட நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் அத்தைமார்களை எனக்குத் தெரியும். அதே கையால் வீட்டுச் செலவை ஒரு மாதம் எழுதுங்கள் என்றால், "அதெல்லாம் மனசுலயே இருக்குமா" என்பார்கள்.

கூட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து மாதம் 300 போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், முதலில் எடுத்தவர் பாதியில் வீடு மாறிப் போய்விட்டால் எந்தக் கதவைத் தட்டுவது? ஆனாலும் எதற்காக அதில் சேருகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. சொந்தமாகச் சேமிக்க மனம் வராது, பத்துப் பேர் கேட்பார்கள் என்றால் கொடுத்துவிடுவோம். அந்தப் பத்துப் பேரின் இடத்தில் ஒரு வங்கித் தானியங்கிக் கட்டளையை வைக்கலாம். சம்பள நாளன்று அது யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.

கணக்கு எழுதுவதைப் பற்றி நிகழ்ச்சியில் இரண்டு மூன்று நாள் பேசியதும், ஒலிபரப்பு முடிந்த பிறகு ஒருவர் அழைத்தார். பெயரும் ஊரும் வேண்டாம். "சிஸ்டர், எங்க வீட்லயும் கணக்கு எழுதுறோம். மாசக் கடைசியில அவரு உட்கார்ந்து பார்ப்பாரு. என் தம்பியோட மோட்டார் சைக்கிள் தவணை 180 வெள்ளிய நான்தான் கட்டுறேன். அவருக்குத் தெரியாது. புத்தகத்துல 'மீன்'னு எழுதி வச்சிருக்கேன்." கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவரே, "எங்க வீட்ல மீன் வாங்குறதே மாசத்துக்கு ரெண்டு தடவைதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சம்பாதித்த பணம்தான். தம்பிக்கு வேலை நிலைக்கும் வரை என்று கட்டுகிறார். கணவரிடம் சொன்னால் சண்டை வரும் என்று பயம். என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்கவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது என்றார். கேட்டிருந்தாலும் வானொலியில் பேசுகிறவளால் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த 'மீன்' என் மனதைவிட்டுப் போகவே இல்லை. ஒருவர் எழுத, இன்னொருவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் அது காவல் நிலையப் புத்தகம். அங்கே பொய் வாக்குமூலம்தான் வரும். சம்பளத்தைக் கொண்டுவருபவர் பார்ப்பவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பதில் சொல்பவர் என்று இருக்கும் வீடுகளில் கணக்கு எழுதச் சொல்லிப் பிரசாரம் செய்ய எனக்கு இப்போது தயக்கமாகவே இருக்கிறது. அங்கே முதலில் தேவைப்படுவது வேறு பேச்சு.

எங்கள் வீட்டில் ஆளுக்கு 100 வெள்ளி தனியாக இருக்கிறது. புத்தகத்தில் 'அவருக்கு 100, எனக்கு 100' என்று ஒரே வரி. அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று கேட்கக்கூடாது. அவர் புட்சால் விளையாடிவிட்டு நண்பர்களோடு சாப்பிடுவார் என்று நினைக்கிறேன். நான் என்ன செய்கிறேன் என்று இங்கே எழுதினால் விதியை மீறியதாகிவிடும்.

இந்தப் புத்தகங்கள் ஒன்பது மாதம் சேர்ந்திருந்த சமயத்தில்தான் என் கணவரின் தொழிற்சாலையில் அந்தக் கடிதம் வந்தது. சுயவிருப்பப் பணிவிலகல் திட்டம், எல்லாரும் சொல்லும் பேச்சில் விஎஸ்எஸ். அவர் அங்கே 11 ஆண்டுகள் வேலை செய்தவர், சம்பளம் 3,800. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று 41,800 வெள்ளி. பதில் சொல்ல 14 நாள். அவர் வேலை பார்த்த பிரிவு வேறு நாட்டுக்குப் போகிறது என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. ஏற்காமல் இருந்து, பிறகு நிர்வாகமே ஆட்குறைப்பு செய்தால் என்ன கிடைக்கும்? 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். அவருக்கு அது ஏறக்குறைய 27,500 வந்தது. பேச்சு பொய்யாகப் போனால் வேலையே தங்கியிருக்கும். இதுதான் எங்கள் முன்னால் இருந்தது.

அவருடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் 41,800 பெரிய பணமா சின்னப் பணமா என்றுதான் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் புதுக் கார் வரைக்கும் போய்விட்டார்கள். நாங்கள் குளிர்ப்பெட்டி மேலிருந்து புத்தகங்களை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம்.

இருவரும் வேலையில் இருக்கும்போது எங்கள் மாதச் செலவு, அந்த 597ஐயும் சேர்த்து, சராசரி 6,150. கைக்கு வரும் சம்பளம் இருவருக்கும் சேர்த்து 6,800 சொச்சம். அவர் வீட்டில் இருந்தால் எது போகும்? அவருடைய பெட்ரோல், சாலைக் கட்டணம் 290. மகளின் பராமரிப்பு மையம் 350, அவரே பள்ளியிலிருந்து அழைத்து வந்துவிடலாம். வெளிச் சாப்பாட்டிலும் வீட்டுக்கு வரவழைக்கும் உணவிலும் 280. தொலைக்காட்சிச் சந்தாக்கள் 110. தீபாவளி, மொய்யில் 120. கேள்வி கேட்கக்கூடாத பணத்தில் ஆளுக்கு 50. மொத்தம் 1,250. மிஞ்சியது 4,900.

இடையில் ஒரு வரியில் நின்றுவிட்டோம். 'அம்மாவுக்கு 400, மாமா அத்தைக்கு 300.' என் அம்மா தனியாக இருக்கிறார், மருந்துச் செலவு அதிகம். அவர் அப்பா அம்மா சுங்கை பட்டாணியில், கொஞ்சம் காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள்கிறார்கள். அவர் பேனாவை எடுத்து 300ஐ அடித்துவிட்டு 100 என்று எழுதினார். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். என் அம்மாவின் 400ஐத் தொடவில்லை. அந்தப் பேனாவைப் பிடுங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒன்றும் சொல்லமாட்டார் என்பதுதானே பிரச்சினை? கடன் அட்டைக்காரர் கேட்பார், வங்கி கேட்கும், பிள்ளை கேட்கும். கேட்காதவர்களிடமிருந்து முதலில் குறைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பதினொரு மணி வரைக்கும் பேசினோம். குரல் உயர்ந்தது, மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் 300 அப்படியே நின்றது. அதற்குப் பதிலாக அவர் ஞாயிறு காலை வெளியில் போய்ச் சாப்பிடும் ரொட்டி சானாயை முழுசாக வெட்டினார். அவருடைய முடிவு, நான் கேட்கவில்லை.

என் சம்பளம் கைக்கு வருவது 3,450. 4,900க்கு 1,450 துண்டு விழுகிறது. இங்கே பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம், எஸ்ஐபி, கணக்கில் வந்தது. 2018இலிருந்து நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்களே, அதுதான். சொந்தமாக ராஜினாமா செய்தால் கிடைக்காது. விஎஸ்எஸ் ஏற்று வெளியேறினால் கிடைக்கும். 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30. அவருக்கு ஏறக்குறைய 3,000, 1,875, 1,500, 1,500, 1,125, 1,125. ஆறு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால், மாதம் 1,450 வீதம் விழும் துண்டை அது மூடி, கொஞ்சம் மிச்சமும் வருகிறது. அதாவது ஆறு மாதத்துக்கு 41,800இல் கைவைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் வேலை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பணம் 28 மாதம் தாங்கும். சேமநிதி வாரியத்தின் மூன்றாவது கணக்கு, 2024 மே மாதம் தொடங்கிய அந்த நெகிழ்வுக் கணக்கையும் தொட வேண்டியதில்லை.

28 மாதம். எண்ணாக எழுதியதும் அவர் முகத்திலிருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். அதற்கு முந்திய மூன்று இரவுகளும் அவர் சரியாகத் தூங்கவில்லை. பத்தாவது நாள் கையெழுத்துப் போட்டார்.

எல்லாருக்கும் இதுவே சரி என்று சொல்லமாட்டேன். அவருடைய நண்பர் ஒருவர், அதே வயது, அதே சம்பளம், கையெழுத்துப் போடவில்லை. அவர் மனைவி வேலைக்குப் போகவில்லை, மூன்று பிள்ளைகள். எங்கள் வீட்டிலிருந்து ஒருநாள் புதுப் புத்தகம் ஒன்றை வாங்கிப் போய், கட்டாயச் செலவுகளை மட்டும் எழுதிப் பார்த்தார். அவர்களுக்கு அந்தத் தொகை 14 மாதம்கூட வரவில்லை. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவுதான்.

வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. புக்கிட் ராஜாவில், 3,300 வெள்ளிக்கு. பழையதைவிட 500 குறைவு. ஆனால் வீட்டிலிருந்து பத்து நிமிடம், சாலைக் கட்டணம் கிடையாது. மகள் மீண்டும் பராமரிப்பு மையத்துக்குப் போகிறாள். ஐந்து மாதம் அப்பாதான் தலைவாரி விட்டார் என்று அங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பின்னல் கோணலாக இருந்ததையும் விடாமல் சொல்கிறாளாம்.

வாசகர்களில் யாராவது தொடங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் உறையை ஒட்டிக்கொள்ளுங்கள். புத்தகம், கணினி, கைப்பேசி வாங்கிய ரசீது, இணையக் கட்டண ரசீது எல்லாம் அதில் போகட்டும். வாழ்க்கைமுறைச் செலவு என்று வருமான வரியில் 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு. ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அச்சு மங்கிவிடும், படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். சேமநிதி வாரியம் மலாயா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2019இலிருந்து வெளியிடும் 'பெலாஞ்சவான்கூ' வழிகாட்டியில், உங்கள் நகரத்தில் உங்களைப்போன்ற குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று இருக்கும். மூன்று மாதம் எழுதிய பிறகு அதைப் பாருங்கள். முதலிலேயே பார்த்தால், அந்த எண்ணுக்கு ஏற்ற மாதிரி கை தானாகக் குறைத்து எழுதும்.

புது வேலையின் முதல் சம்பளம் வந்த அன்று அவர் புதுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் என்னென்ன திரும்ப வர வேண்டும் என்று பேசினோம். தொலைக்காட்சிச் சந்தா வேண்டாம் என்று மூவரும் ஒத்துக்கொண்டோம், மகளுக்கு மட்டும் அரை மனது. கேள்வி கேட்கக்கூடாத பணம் மீண்டும் ஆளுக்கு 100. மாமா அத்தைக்கு 300ஐ 350 ஆக்கலாம் என்றேன், அவர் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். ஞாயிறு ரொட்டி சானாய் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.